பங்குனி இரவில் கோடிக்கரை

கோடிக்கரைக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மார்கழி, தை மாதங்களில்தான் போகிறார்கள். பூநாரைகள் கூட்டமாக நிற்கும், வெயில் உறைக்காது, பொங்கல் விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். விடியலில் போய்ப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வேதாரண்யம் திரும்பிவிடலாம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஊரின் முழு உருவமும் தெரிய வேண்டுமானால் பங்குனியில் போக வேண்டும். போய், இரவு தங்க வேண்டும்.

பங்குனிக்கு இரண்டு காரணம் உண்டு. ஆறேழு மாதமாகச் சாம்பலும் வெள்ளையுமாகச் சேற்றில் மேய்ந்துகொண்டிருந்த உள்ளான்களும் உப்புக்கொத்திகளும், வடக்கே கிளம்புவதற்கு முன் இறகு மாற்றி நிறம் ஏறுவது இந்த மாதத்தில்தான். பக்கி, கண்கிலேடி, ஆந்தை போன்ற இரவுப் பறவைகள் இணை தேடி ஓயாமல் குரல் கொடுப்பதும் இந்தக் காலத்தில்தான். ஒரே வாரக் கடைசியில் இரண்டும் கிடைக்கிற இடங்கள் தமிழ்நாட்டில் அதிகமில்லை. மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு, அதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன். கரைப்பறவைகளைப் பகல் பறவைகள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவற்றின் வாழ்க்கையில் பாதி இரவில் நடக்கிறது. அந்தப் பாதியை நாம் பார்ப்பதில்லை, பார்க்காததால் காப்பாற்றுவதும் இல்லை.

நானும் தஞ்சாவூர் நண்பர் ஒருவரும் நாள் பார்த்தே கிளம்பினோம். பங்குனி உத்திரம் கழிந்த வெள்ளிக்கிழமை. பௌர்ணமி தாண்டி இரண்டு நாள் ஆகியிருந்ததால் நிலா எட்டு மணிக்கு மேல்தான் எழும். முன்னிரவில் இருட்டு, பிறகு நல்ல வெளிச்சம். ஆந்தை தேடுவதற்கு முதலாவது வேண்டும், பக்கிக்கு இரண்டாவது. பக்கி பூச்சியைக் கண்ணால் பார்த்துப் பிடிக்கிற பறவை. நிலவுள்ள இரவில் அது கூடுதல் நேரம் வேட்டையாடும், கூடுதல் நேரம் கூவும்.

வேதாரண்யத்திலிருந்து கோடிக்கரை பத்துக் கிலோமீட்டர் சொச்சம். ஊரைத் தாண்டியதும் அகஸ்தியன்பள்ளி உப்பளங்கள் இரண்டு பக்கமும் விரிகின்றன. 1930 ஏப்ரல் 30 அன்று, திருச்சியிலிருந்து நடந்து வந்த தொண்டர்களோடு ராஜாஜி உப்பெடுத்துக் கைதான இடம் இது. நினைவுத் தூண் இருக்கிறது. நாங்கள் போன மாலையில் பாத்திகளில் உப்பு விளைந்து நின்றது. வரப்போரத்தில் அம்பாரங்கள், சிலவற்றின் மேல் கீற்று வேய்ந்திருந்தார்கள். நீர் ஏற்றியிருந்த வெளிப்பாத்திகளில் நெடுங்கால் உள்ளான்கள் நின்றன. அதற்கு மேல் எங்கள் கண் அப்போது போகவில்லை. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

சரணாலயக் காட்டுக்குள் இரவில் போக அனுமதியில்லை. போகவும் கூடாது. வெளிமானும் நரியும் காட்டுப்பன்றியும் மட்டக் குதிரைகளும் நடமாடும் காடு அது, இரவு அவற்றுக்கு உரியது. ஆனால் பக்கியும் கண்கிலேடியும் காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று அடம் பிடிப்பவை அல்ல. உப்பளத்துக்கும் ஊருக்கும் இடைப்பட்ட பொட்டல், பனைமர வரிசை, சீமைக்கருவேலம் மண்டிய சாலையோரம், இவை போதும். கோடியக்காட்டுக்கு முன்னால் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தோம்.

முதலில் பேசத் தொடங்கியவை புள்ளி ஆந்தைகள். மொட்டையாக நின்ற ஒரு பனையின் பொந்திலிருந்து ஒன்று தலையை நீட்டியது, அடுத்த மரத்திலிருந்து இன்னொன்று அதட்டியது, பிறகு இரண்டும் சேர்ந்து கிறீச்சிட்டுத் தீர்த்தன. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியது இந்தப் பகுதியில்தான். காட்டில் எத்தனையோ மரங்கள் முறிந்தன. ஊர்ப்பக்கம் தலை போன பனைகளை இன்னும் பார்க்கலாம். பட்ட மரத்தை வெட்டாமல் விடுவதால் யாருக்கும் நட்டமில்லை. பொந்தில் குஞ்சு பொரிக்கிற ஆந்தைக்கும் மைனாவுக்கும் பச்சைக்கிளிக்கும் அதுதான் வீடு.

இருட்டு சரியாக விழுந்த பிறகு பொட்டலிலிருந்து கண்கிலேடி கூவியது. மெதுவாகத் தொடங்கி, வேகம் பிடித்து, உச்சத்துக்குப் போய், அப்படியே இறங்கி ஓய்கிற நீண்ட விசில். ஒன்று தொடங்கினால் நாலு திசையிலிருந்தும் பதில் வரும். கண்கிலேடி வகைப்பாட்டில் கரைப்பறவைகளோடு சேர்ந்தது. உள்ளானுக்கும் உப்புக்கொத்திக்கும் உறவு. ஆனால் தண்ணீரை விட்டுவிட்டுக் காய்ந்த பொட்டலுக்கு வந்துவிட்டது. பகல் முழுக்கப் புதர் நிழலில் அசையாமல் குந்தியிருக்கும், இரவில் எழுந்து நடக்கும். முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும் அந்த மஞ்சள் கண்கள் இருட்டுக்காகவே வாய்த்தவை. இந்த வாரக் கடைசியில் நாங்கள் தேடி வந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நிற்கிற பறவை என்பதால் அதன் குரலைக் கேட்டதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

பக்கியை நிலா எழும் வரை காத்திருந்து கேட்டோம். சிமெண்டுத் தரையில் கோலிக்குண்டைப் போட்டால் துள்ளித் துள்ளி, இடைவெளி குறைந்து, கடைசியில் கிறுகிறுவென்று உருண்டு நிற்குமே, அச்சாக அந்த ஓசை. ஒருமுறை கேட்டவர்கள் மறக்க முடியாது. சற்று நேரத்தில் சாலையின் நடுவிலேயே இரண்டு செந்தணல் தெரிந்தது, டார்ச்சின் சிவப்பு ஒளியில் மின்னிய அதன் கண்கள். பக்கிக்குத் தார்ச்சாலை மிகவும் பிடிக்கும். பகல் வெயிலின் சூடு அதில் தங்கியிருக்கிறது. மரக்கிளை மறைக்காமல் வானம் திறந்து கிடப்பதால் மேலே பறக்கும் அந்துப்பூச்சியும் வண்டும் தெளிவாகத் தெரிகின்றன. உட்கார்ந்த இடத்திலிருந்து எவ்வி, அகன்ற வாயைத் திறந்து பூச்சியை வாரிக்கொண்டு, அதே இடத்தில் வந்து அமர்கிறது. அலகு சின்னதுதான், ஆனால் வாய் காது வரை பிளக்கும், ஓரத்தில் மயிர் போன்ற விறைத்த தூவிகள் வரிசையாக நிற்கும். கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில், சருகுக்கு நடுவில் இரண்டு முட்டை. அதன் முதுகின் பழுப்பும் சாம்பலும் கறுப்பும் கலந்த வேலைப்பாடு மட்டுமே அதற்குக் காவல்.

அந்தக் காவல் வண்டிச் சக்கரத்துக்கு முன் உதவாது. முகப்பு விளக்கு கண்ணைக் கூசவைக்க, பக்கி எழாமல் உட்கார்ந்தே இருந்துவிடுகிறது. மறுநாள் காலையில் அதே சாலையில் நசுங்கிக் கிடந்த ஒரு பக்கியைப் பார்த்தோம். நண்பர் அதை எடுத்து ஓரத்தில் வைத்தார். இறகில் கை பட்டதும் அவர் சொன்னது, “இவ்வளவு மென்மையா இருக்குமா?” என்பதுதான். இரவில் ஓசையில்லாமல் பறக்கிற பறவைகளின் இறகு அப்படித்தான் இருக்கும்.

இரவு டீக்கடையில் நாங்கள் ஆந்தையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், “அது வீட்டு மேல ஒக்காந்து கத்துனா ஆகாது தம்பி” என்றார். அந்த அச்சம் அவரோடு போகிற ஒன்றல்ல, தலைமுறை தலைமுறையாக வந்தது. ஆனால் அதே பெரியவர் தன் வயலில் தென்னை மட்டை நட்டு வைத்திருக்கிறார், இரவில் கூகை வந்து உட்கார்ந்து எலி பிடிக்க. “எலிய அதுதான புடிக்குது” என்று அவரே சொன்னார். காவிரிப் படுகையில் நெல் விளைவிக்கிற எவருக்கும் கூகையின் அருமை தெரியும். வீட்டு மேல் உட்காரக் கூடாது, வயலில் உட்காரலாம் என்ற அந்த ஒப்பந்தம் எனக்குப் போதுமானதாகவே பட்டது. பறவை பிழைத்துக்கொள்கிறதே.

சனிக்கிழமைப் பகல் கரைப்பறவைகளுக்கு. வனத்துறை அனுமதியோடு ஊருக்கு மேற்கே சதுப்பின் விளிம்புக்குப் போனோம். வேதாரண்யம் பெருஞ்சதுப்பு இங்கே தொடங்கி மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரை நீள்கிறது. 1967இல் சரணாலயமான கோடிக்கரையும் இந்தச் சதுப்பும் சேர்ந்து 2002 ஆகஸ்டில் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறின, 38,500 ஹெக்டேர். 2022 வரை தமிழ்நாட்டின் ஒரே ராம்சர் தலம் இதுவாகத்தான் இருந்தது.

இந்தக் கடலில் ஓதம் பெரிதாக ஏறி இறங்குவதில்லை. சதுப்பில் நீரைத் தள்ளுவதும் வடிப்பதும் பெரும்பாலும் காற்றின் வேலை. அன்று காற்று எங்களுக்குச் சாதகமாக நீரை ஒருபுறம் ஒதுக்கி, அகலமான சேற்றுப் பரப்பைத் திறந்து வைத்திருந்தது. முக்காலியை ஊன்றி ஸ்கோப்பில் கண் வைத்ததும் நான் முதலில் பார்த்தது ஒரு சிவப்பு வளைமூக்கு உள்ளான்.

தை மாதத்தில் இதே பறவையைப் பார்த்தவர்களுக்கு இதை நம்புவது கடினம். குளிர்காலம் முழுக்க மங்கிய சாம்பலாக, பக்கத்தில் நிற்கும் பத்து வகை உள்ளான்களிலிருந்து பிரித்தறிய முடியாதபடி இருக்கும். பங்குனி வந்தால் தலையிலிருந்து வயிறு வரை செங்கல் நிறம் ஊறி வருகிறது. எல்லாப் பறவையும் ஒரே நாளில் மாறுவதில்லை. ஒன்று முழுச் சிவப்பு, ஒன்றில் திட்டுத் திட்டு, ஒன்று இன்னும் சாம்பல். இளம் பறவைகளில் பல இந்த ஆண்டு வடக்கே போகாமல் இங்கேயே கோடையைக் கழிக்கும், அவற்றுக்கு நிறம் ஏறத் தேவையில்லை. ஒரே கூட்டத்தைப் பார்த்து யார் போகிறார், யார் தங்குகிறார் என்று ஓரளவு சொல்லிவிடலாம். அவற்றைச் சுற்றிச் சாம்பல் உப்புக்கொத்திகள் சில, வயிறு கறுத்து, முதுகில் வெள்ளியும் கறுப்புமாக நின்றன. கொசு உள்ளான்களின் முகத்திலும் மார்பிலும் செம்மை ஏறியிருந்தது. மணல் உப்புக்கொத்திகளுக்கு நெஞ்சில் அகலமான செம்பட்டையும் கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடியும்.

பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இவை எல்லாம் ஒரே இடத்துக்குப் போவதில்லை. மணல் உப்புக்கொத்தி திபெத்திய மேட்டுநிலத்துக்கும் லடாக்குக்கும் போய் முட்டையிடும். வளைமூக்கு உள்ளான் சைபீரியாவின் ஆர்க்டிக் கரைக்கு, தைமீர் தீபகற்பம் போன்ற இடங்களுக்குப் போகும். கோடிக்கரையிலிருந்து 7,000 கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். பறவையின் எடை ஏறத்தாழ 60 கிராம். கிளம்புவதற்கு முன் சில வாரங்களில் அது உடம்பில் கொழுப்பைச் சேர்த்து எடை கூட்டுகிறது. பறக்கும் தசை தடிக்கிறது. நெடும்பயணம் போகிற கரைப்பறவைகளில், கிளம்புகிற நேரத்தில் குடலும் இரைப்பையும்கூடச் சுருங்கிக்கொள்வதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வழியில் பயன்படாத எதையும் சுமப்பதில்லை. இதே இனக்குழுவைச் சேர்ந்த பட்டைவால் மூக்கன் ஒன்று, பிறந்து சில மாதமே ஆனது, 2022இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரை 11 நாளில், எங்கும் இறங்காமல் பறந்து முடித்தது. முதுகில் பொருத்திய கருவியால் உலகுக்குத் தெரிந்த செய்தி இது.

அப்படியானால் பங்குனி மாதச் சேறு என்பது வேடிக்கை பார்க்கிற இடமல்ல, தீனி ஏற்றுகிற இடம். இங்கே ஒரு பறவையை ஒரு முறை விரட்டினால் அதன் சேமிப்பிலிருந்து கொஞ்சம் பிடுங்கியதாகப் பொருள். படம் எடுக்கிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். கூட்டம் எழுந்து பறப்பது படத்தில் அழகுதான். அந்த அழகுக்காகக் கல்லெறிந்து எழுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அதில் கோபம்தான் வருகிறது.

உப்பளத்துப் பக்கம் ஒரு வறண்ட பாத்தியில் சிறிய உப்புக்கொத்தி ஒன்று நொண்டுவதுபோல் நடித்து எங்களை வேறு பக்கம் இழுத்தது. அனுமன் உப்புக்கொத்தி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆண்டு முழுவதும் வாழ்கிற இந்தப் பறவையை, ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பரவியுள்ள வேறோர் உப்புக்கொத்தியின் கிளையினம் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 2023இல் அது தனி இனமாக அறியப்பட்டது. மற்றவை வடக்கே கிளம்புகிற நேரத்தில் இது இங்கேயே, காய்ந்த உப்பு மண்ணில் ஒரு சிறு குழியில் முட்டையிடுகிறது. அது நொண்டினால் பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று பொருள். வந்த வழியே திரும்பினோம்.

மத்தியானம் வெயில் நெருப்பாகக் கொட்டியது. சேற்றின் மேல் கானல் ஆடத் தொடங்கியதும் ஸ்கோப்பில் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. பறவைகளும் பெரும்பாலானவை மேய்வதை நிறுத்தி, காற்றை எதிர்த்து ஒற்றைக் காலில் நின்றன. பார்க்க வந்தவர்களும் கிளம்பிப் போனார்கள். நாங்கள் அறைக்குத் திரும்பித் தூங்கினோம், ஏனென்றால் முக்கியமான வேலை பின்னிரவில் இருந்தது.

உப்பளத் தொழிலாளர்கள் கோடையில் வெயிலுக்கு முன்னால் வேலையை முடிக்கப் பின்னிரவிலேயே வந்துவிடுகிறார்கள். நாங்கள் போனபோது மணி மூன்று இருக்கும். நிலா உச்சி தாண்டி மேற்கே சாய்ந்திருந்தது. பாத்திகளில் அங்கங்கே நெற்றியில் விளக்குக் கட்டிய பெண்களும் ஆண்களும் உப்பை வாரிக்கொண்டிருந்தார்கள். பலகை உப்பைத் தள்ளும் சரசரப்புக்கு நடுவே, அவர்களுக்கு அப்பால் நீர்ப்பாத்தியிலிருந்து மெல்லிய கீச்சொலிகள் இடைவிடாமல் வந்துகொண்டிருந்தன. பவளக்காலியின் மூன்று சுரக் கூவல், தொலைவில் குதிரைமலைக் கோட்டானின் நீண்ட அழைப்பு, அதற்கும் மேலாக ஆட்காட்டியின் சத்தம்.

ஓர் அம்மா நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

“என்ன தம்பி, இந்த நேரத்துல எதத் தேடுறீங்க?”

“பறவை பாக்க வந்தோம்க்கா.”

“பறவையா? அது ராவெல்லாம் இங்கதான மேயுது. நாங்க வர்றப்பவும் மேயும், வெயில் ஏறி நாங்க போறப்பவும் மேயும். பகல்ல வந்துட்டுப் போறவங்களுக்குத்தான் தெரியாது.”

அறிவியல் ஏடுகள் பல பக்கம் எழுதியதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். கரைப்பறவை மேய்வது பகல் கணக்கில் அல்ல, நீரின் கணக்கில். சேறு திறந்தால் மேயும், நள்ளிரவானாலும் சரி. இரவில் சேற்றுப்புழுக்கள் பலவும் மேற்பரப்புக்கு அருகில் வருகின்றன. வல்லூறும் பூனைப்பருந்தும் தூங்குகின்றன. வெயில் இல்லை. நெடும்பயணத்துக்குத் தீனி சேர்க்கிற பறவைக்குப் பகல் மட்டும் போதாது.

இருட்டில் எப்படித் தேடுகின்றன என்பது இன்னும் சுவையான செய்தி. உப்புக்கொத்திகள் கண்ணை நம்புகிறவை. ஓடி, நின்று, பார்த்து, கொத்துபவை. அவற்றின் கண் உடம்புக்குப் பெரியது, மங்கிய ஒளியிலும் வேலை செய்யும். நிலா வெளிச்சத்தில் ஒரு சாம்பல் உப்புக்கொத்தியைத் தொடர்ந்து பார்த்தோம். பகலைவிட நிதானமாக, நின்று நின்று நகர்ந்தது. உள்ளான்களுக்கோ அலகு நுனிதான் கண். அங்கே நுண்ணிய உணர்விகள் செறிந்திருக்கின்றன. சேற்றில் அலகை இறக்கும்போது, ஈரமணலில் புதைந்துள்ள சிப்பியால் ஏற்படும் அழுத்த வேறுபாட்டை உள்ளான் வகைப் பறவை ஒன்று தொடாமலே உணர்ந்துவிடுகிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர் தியூனிஸ் பியர்ஸ்மாவும் அவரது குழுவினரும் 1998இல் காட்டினார்கள். பவளக்காலி பகலில் இரையைப் பார்த்துக் கொத்தும். இரவில் முறையை மாற்றி, அலகை நீரில் வைத்துப் பக்கவாட்டில் வீசித் துழாவும். அன்று அந்த வீச்சை எங்கள் கண்ணால் பார்த்தோம். நிலா பட்ட நீரில் அதன் உருவம் கறுப்பாகத் தெரிந்தது, தலை இடமும் வலமும் ஒரே சீராகப் போய்வந்தது. ஓர் ஒளியும் அதன்மேல் பாய்ச்ச வேண்டியிருக்கவில்லை. நிலவே போதும், பைனாகுலரே போதும்.

கோடிக்கரையைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதியும் இரவில் கண்விழித்தவர்கள் தந்தது. சாலிம் அலியின் காலந்தொட்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு வந்திருக்கிறது. பீகாரிலிருந்து வந்த மீர்ஷிகார் என்னும் பறவை பிடிக்கும் குடியினரின் கைத்திறன் அந்தப் பணிக்கு முதுகெலும்பாக இருந்தது. அவர்களில் அலி உசேன் பெயர் பெற்றவர். சதுப்பில் மெல்லிய வலை இருட்டில்தான் பறவையின் கண்ணுக்குத் தப்பும். ஆகவே நிலவில்லாத இரவுகளில், முழங்கால் சேற்றில் நின்று, மாட்டிய பறவையை நோகாமல் விடுவித்து, அளந்து, எடை பார்த்து, வளையமிட்டு விடுவார்கள். அந்தக் கழகத்தின் எஸ். பாலச்சந்திரன் 1980களிலிருந்து பல்லாண்டுகள் இந்தச் சேற்றில் உழைத்தவர். இன்று மிகவும் அருகிவிட்ட கரண்டிமூக்கு உள்ளானை இங்கே பார்த்து எழுதிய குறிப்புகளும் 1980களைச் சேர்ந்தவை. நாங்கள் அதைத் தேடவில்லை. ஆனாலும் ஒவ்வொரு கொசு உள்ளானின் அலகையும் நண்பர் ஒருமுறை கூர்ந்து பார்க்கத் தவறவில்லை.

விடியும் நேரத்தில் உப்பள வரப்பில் வக்கா ஒன்று கரகரத்துக்கொண்டு காட்டுப்பக்கம் போனது, இரவு வேலை முடித்து. கீழ்வானம் வெளுத்தது. உப்பு வாரியவர்கள் தூக்குவாளியைத் திறந்தார்கள். எங்களுக்கும் நீராகாரம் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பகலில் காட்டோரம் நடந்தோம், உலக்கைப் பாலை மரங்களின் நிழலில் உட்கார்ந்தோம், வெளிமான் கூட்டமொன்றைப் பார்த்தோம். சொல்ல வேண்டியது அன்று மாலையில் நடந்தது. சூரியன் மறையக் கொஞ்ச நேரம் இருக்கையில் சதுப்பின் ஓரத்தில் மணல் உப்புக்கொத்திகளும் வளைமூக்கு உள்ளான்களும் அமைதியில்லாமல் இருந்தன. குளித்தன, இறகைக் கோதின, வழக்கத்தைவிட அதிகமாகக் கூவின. தென்காற்று வீசிக்கொண்டிருந்தது. திடீரென்று ஐம்பது அறுபது உள்ளான்கள் எழுந்தன. விரட்டப்பட்ட கூட்டம் தாழப் பறந்து சுற்றி இறங்கும். இது இறங்கவில்லை. வட்டமடித்து வட்டமடித்து உயரம் ஏறியது. சில பிரிந்து மறுபடி சேற்றுக்கு வந்தன. மற்றவை கூவிக்கொண்டே நீண்ட வரிசையாகி வடக்கே திரும்பின. பைனாகுலரில் புள்ளிகளாகும் வரை பார்த்தோம்.

கரைப்பறவைகள் வலசைக்குக் கிளம்புவது பெரும்பாலும் இப்படி, மாலை மயங்குகிற நேரத்தில்தான். பகல் முழுதும் தீனி எடுத்து, துணைக்காற்று பார்த்து, குளிர்ந்த இரவு வானில் பறக்கின்றன. உள்ளான்கள் மட்டுமல்ல. இலங்கையில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு இந்தக் கரை வழியே வடக்கே திரும்பும் ஆறுமணிக்குருவியும் இன்னும் பல காட்டுச் சிறு பறவைகளும் இரவில்தான் கடல் தாண்டுகின்றன. கரையெங்கும் நாம் தூங்குகிற நேரத்தில் நம் தலைக்கு மேல் ஒரு பெரும் போக்குவரத்து நடக்கிறது.

அந்தப் போக்குவரத்துக்கு வெளிச்சம் எதிரி. நியூயார்க்கில் ஆண்டுதோறும் செப்டம்பர் 11 தாக்குதலின் நினைவுநாளன்று வானத்தை நோக்கிப் பாய்ச்சும் ஒளிக்கற்றை ஏழு இரவுகளில் ஏறத்தாழ 11 லட்சம் பறவைகளின் போக்கைக் குலைத்தது என்று 2017இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. விளக்கை அணைத்த சில நிமிடங்களில் பறவைகள் கலைந்து தம் வழியே போயின என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. தீர்வு எளிது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2024 அக்டோபரில் 16 கரைப்பறவை இனங்களின் ஆபத்து நிலையை உயர்த்தி அறிவித்தது. வளைமூக்கு உள்ளானும் சாம்பல் உப்புக்கொத்தியும் அழிவாய்ப்புள்ளவை பட்டியலுக்குப் போய்விட்டன. கல்திருப்பி உள்ளானும் அச்சுறுத்தலை நெருங்குகிறவற்றில் சேர்ந்திருக்கிறது. நாங்கள் ஸ்கோப்பில் பார்த்த அதே பறவைகள். காரணங்கள் ஆர்க்டிக் வெப்பம் முதல் சீனக் கரையில் தூர்க்கப்பட்ட சேற்றுப்பரப்பு வரை பல. எல்லாவற்றையும் வேதாரண்யத்தில் உட்கார்ந்து சரிசெய்ய முடியாது. ஆனால் வேதாரண்யத்தில் செய்ய முடிந்ததும் இருக்கிறது.

பங்குனியில் கோடிக்கரைக்குப் போங்கள். இரவு தங்குங்கள். அந்தச் சாலையில் பொழுது சாய்ந்த பிறகு வண்டியை மெதுவாக ஓட்டுங்கள், தாரில் சிவப்பாக இரண்டு புள்ளி தெரிந்தால் நிறுத்தி, விளக்கைத் தணித்து, அது எழுந்து போக நேரம் கொடுங்கள். ஆந்தையையும் பக்கியையும் வரவழைக்கக் கைப்பேசியில் குரலைப் போட்டுக் காட்டாதீர்கள், இணை தேடும் காலத்தில் அது அவற்றை அலைக்கழிக்கும். உப்பள வரப்புகளில் வண்டி ஏற்றாதீர்கள், அனுமன் உப்புக்கொத்தியின் முட்டை சக்கரத்துக்குத் தெரியாது. இரவில் கேட்ட குரல்களையும் நேரத்தோடு ஈ-பேர்டு என்னும் பறவைப் பதிவுத் தளத்தில் பதியுங்கள், அங்கே பகல் பட்டியல்கள் குவிந்திருக்கின்றன, இரவுப் பட்டியல்கள் சொற்பம். உங்கள் ஊர்க் கடற்கரைக்கோ ஏரிக்கரைக்கோ உயர்கோபுர விளக்குப் போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் ஊராட்சியிடம் ஒரு மனு கொடுங்கள்: விளக்கு வேண்டாம் என்று கேட்க வேண்டியதில்லை, ஒளி தரையை மட்டும் நோக்கட்டும், நள்ளிரவுக்குப் பின் அணையட்டும் என்று கேளுங்கள்.